ஒன்பது பாகை

களியக்காவிளை. கீழே ரப்பர் ஷீட் கடை, அதன் புகைவாடை.
மாடியில் நானும் ஒரு ணகரமும்.
மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை.

நிமிர்ந்த எழுத்துகள் போன ஆடியிலேயே முடிந்துவிட்டன.
காலடியில் சின்னப் பாதம்,
வளைவில் தடித்து முனையில் இளைக்கும் கோடு,
முந்நூறு பக்கம் கண்ணை உறுத்தாமல் தாங்கும்.
இப்போது அதற்குச் சாய்ந்த துணை ஒன்று வேண்டும்.

மெஷினே சாய்த்துத் தரும், ஒரு பொத்தான்தான்.
தந்தது:
ணகரத்தின் மூன்று சுழியும் மிதிபட்ட முட்டை.
ஒற்றைக்கொம்பு, கால் மடங்கிய கொக்கு.
ழகரம் வாலைச் சுருட்டிக்கொண்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது.
சாய்வது வேறு
தள்ளிவிடப்படுவது வேறு.

ஆகவே கையால், ஒவ்வொன்றாக.
பன்னிரண்டு பாகை அதிகம், குடித்தவன் நடை.
ஆறு போதாது, அச்சுப்பிழை என்பார்கள்.
ஒன்பதில் நின்றேன்.

வேலைக்குக் காரணம் ரோஸ்லெட்டின் நாவல்.
பாறசாலைச் சந்தைக்குத் தினமும்
மீன் சுமந்து போகிற ஒருத்தியின் கதை.
எழுதியவள் பகலில் கூட்டுறவு வங்கியில்
நகைக்கடன் பிரிவு.
சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் சுந்தரவதனன் குறிப்பு:
மலையாளச் சொற்கள் அனைத்தும் சாய்வெழுத்தில்,
வாசகருக்கு உதவியாக.

மஞ்சள் பூசி அனுப்பியவை நூற்றுப் பதினாறு.
பறஞ்சாள். கொறச்சு. சோலி. வெள்ளம்.

வெள்ளம் என் வீட்டுக் குடத்தில் இருக்கிறது ஐயா.
சாய்த்தால் சிந்தும்.

பாலத்துக்கு இந்தப்பக்கம் லாரியை நிறுத்துவார்கள்,
தார்ப்பாயைத் தூக்குவார்கள்,
கோழியா, வாழைக்குலையா, மணலா என்பார்கள்.
டிரைவரின் வாயைத் திறக்கச் சொல்லி
இதில் எத்தனை கிலோ அயல்மொழி என்று
இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

ரோஸ்லெட்டைப் போனில் பிடித்தேன்.
"இதுல எது மலையாளம் பிள்ளே? எனக்குத் தெரியாதே."
பின்னால் யாருடைய வளையலையோ
உரைகல்லில் தேய்க்கும் சத்தம்.
"அறுபதாம் பக்கத்தில ஒரு டாக்டரு
'தண்ணீர் அருந்துங்கள்'ன்னு பறைவாரு.
வேணும்ன்னா அத சாய்ச்சுக்க."
சிரித்தோம். பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
"அந்தப் பொம்பள சொல்ல வந்து
சொல்லாம முழுங்குவா பாரு.
அத மட்டும் சாய்."

தேடி எண்ணினேன். ஏழு இடம்.
விலை குறைத்துக் கேட்ட டீச்சரிடம் ஒன்று.
கல்ஃபிலிருந்து மகன் கூப்பிட்டபோது இரண்டு.
போலீஸ்காரன் கூடைக்குள் கையை விட்டு
ஒரு சாளையை எடுத்தபோது ஒன்று, அதை இங்கே எழுத முடியாது.
ஏழாவது பாலத்தின் நடுவில்.
தலையில் முப்பது கிலோ, ஐஸ் உருகி
காதுவழியே இறங்குகிறது, கழுத்து அசையாமல் நிமிர்ந்து
நடக்கிறாள்.
கர்த்தாவே, ஒரு நிமிஷம் இதக் கொஞ்சம் பிடியும்.

ஏழு வரிக்கா இருநூற்று நாற்பத்தேழு எழுத்து
என்று கேட்டார் ஷீட் கடைக்காரர் தவமணி.
கணக்கு நட்டம்தான்.
ஙகரத்துக்கு ஏழு வரியிலும் ஒரே ஒரு வேலை.
ஔகாரம் எங்கேயும் இல்லை.
வரைந்துவிட்டேன், கிடக்கட்டும்,
அவளுக்கு எட்டாவதாக ஏதாவது தோன்றினால்.

சுந்தரவதனனுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

மிச்சமிருக்கும் சிக்கல் புள்ளி.
மெய்யின் நடுமண்டைக்கு நேரே வைத்தால்
ஆள் சாய்ந்த பிறகும் தொப்பி
பழைய இடத்திலேயே தொங்குகிறது.
சாய்வின் போக்கில் விட்டால்
தன் பெட்டியின் கோட்டைத் தாண்டி
அடுத்த எழுத்தின் எல்லைக்குள்
ஒரு மயிரிழை போய்விடுகிறது.

பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன்.
அடுத்த எழுத்து ஒன்றும் பறையவில்லை.
போகட்டும் என்று விட்டேன்.